மணலில் எழுதிய விரல்: வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளும் நாமும்



இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையிடுதலோடு தொடங்க விரும்புகிறேன். ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன்பு, ஊழியத்தில் புதியவனாய் ஒரு கிராமச் சபையில் இருந்தேன். ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளை வரிசையாக எழுப்பி, ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் செய்வது என் வழக்கம். ஒரு ஞாயிறன்று 10 வயதுச் சிறுவன் ஒருவனின் முறை வந்தது. வேதாகமத்தைக் கையில் பிடித்தபடி நின்றான். முதல் சொல்லில் தடுக்கினான். இரண்டாம் சொல்லை ஊகித்துத் தவறாகச் சொன்னான். பிறகு ஒன்றும் பேசவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களை நான் அதட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவனைப் பார்த்து, "வீட்டில் வேதம் வாசிக்கும் பழக்கமே கிடையாதா?" என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் தேடிப் போகவுமில்லை.

சென்ற மாதம் ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது ஒருவர் தம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐயா, ஒரு வேண்டுதல். இவளை ஓய்வுநாள் பாடசாலையில் சேர்க்கணும். ஆனா நிக்க வச்சு வாசிக்கச் சொல்லிராதீங்க. சொல்லிக் கொடுத்தா அப்படியே ஒப்பிப்பா" என்றார். சற்று நிறுத்தி, "நான் நின்ன மாதிரி இவ நிக்க வேண்டாம் ஐயா" என்றார். அப்போதுதான் முகம் அடையாளம் தெரிந்தது. அவர் குரலில் கசப்பு இல்லை. அதனாலேயே எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்த இரவிலிருந்து நான் வாசித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் வரலாறு நம் திருச்சபையின் வரலாற்றோடும் நம் தமிழ் மண்ணோடும் இத்தனை நெருக்கமாகப் பின்னியிருக்கிறது என்பதை இதற்கு முன் நான் அறியவில்லை.

எல்லாரும் வாசிக்க வேண்டும் என்ற கட்டளை

நாம் ஒரு நூலைச் சுற்றிக் கூடுகிற மக்கள். சீர்திருத்த காலம் தொட்டு, ஒவ்வொரு விசுவாசியும் தன் தாய்மொழியில் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது நம் சபைகளின் வாஞ்சை. அந்த வாஞ்சையே 1706-ஆம் ஆண்டு சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக் கரைக்குக் கொண்டுவந்தது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அதனால்தான். ஆனால் அதற்கு முன் சீகன்பால்குவே தமிழ் எழுத்து அறியாதவராய் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவரும் உடன் வந்த புளூட்சோவும் ஓர் உள்ளூர் உபாத்தியாயரைத் தங்கள் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்தார்கள். சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து, வாயால் ஒலித்துத் தமிழ் கற்றார்கள். வேதத்தைத் தமிழில் தந்தவரின் முதல் பாடம் மணலில்தான் நடந்தது.

கடல் கடந்த இன்னொரு தேசத்தில் இதே வாஞ்சை வேறொரு முகம் காட்டியது. சுவீடன் நாட்டின் 1686-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், குடிமக்கள் யாவரும் வேதத்தை வாசிக்கக் கற்க வேண்டும் என்றது. குருவானவர் வீடு வீடாகவும் கிராமம் கிராமமாகவும் சென்று ஒவ்வொருவரையும் சோதித்து, அவர் எவ்வளவு வாசிக்கிறார் என்பதைப் பதிவேட்டில் குறித்துவைத்தார். வாசிப்பும் ஞானோபதேசமும் அறியாதவர்கள் திருவிருந்தில் பங்கு பெறுவதும், அதன் வழியே திருமணம் செய்துகொள்வதும் தடைபட்டன. ஒரு தேசம் முழுவதையும் வாசிக்கவைத்த பெருமுயற்சி அது. ஆயினும் அந்தப் பதிவேடுகளைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. எத்தனை முயன்றும் எழுத்து வசப்படாமல், குருவானவரின்முன் தலைகுனிந்து நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு அந்த ஏட்டில் கிடைத்தது ஒரு தாழ்ந்த குறி மட்டுமே. காரணத்தை யாரும் விசாரிக்கவில்லை.

எல்லாருக்கும் வாசிப்பைக் கொடுக்க வேண்டும் என்று புறப்பட்ட அன்பு, வாசிக்க இயலாதவனை நியாயந்தீர்க்கும் அளவுகோலாக மாறக்கூடும். அந்தக் கிராமச் சபையில் என் கையில் இருந்தது அந்த அளவுகோல்தான்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து நாட்டுக் குருவானவர், சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே கல்வி மந்தமாய் நடந்தது. ஒருநாள் காலை அவர் ஓர் உள்ளூர்ப் பள்ளியைக் கடந்து சென்றபோது, பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதுவதைக் கண்டார். உடனே தம் இல்லத்திலும் அதைச் செய்யப் பணித்தார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. அவர் விடவில்லை, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம், தன்னிலும் இளைய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். சிறுவன் செய்துகாட்டினான். 1797-இல் பெல் இதைக் குறித்து லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தின் திருச்சபைப் பள்ளிகளெங்கும் பரவிற்று.

நம் திண்ணைப் பள்ளிகளை நான் பொன்னுலகமாக வருணிக்கவில்லை. அங்கே கொடிய தண்டனைகள் இருந்தன. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அவற்றின் வாசல் திறந்திருக்கவுமில்லை. ஆனாலும் அந்த மணலில் ஒரு ஞானம் இருந்தது. கண் பார்க்கிறது, விரல் வரைகிறது, வாய் ஒலிக்கிறது, காது கேட்கிறது. எழுத்து நான்கு வாசல்கள் வழியாய் உள்ளே நுழைகிறது. பிழைத்தால் கையால் தடவி அழித்துவிடலாம். மணலில் சிவப்பு மை இல்லை. இந்த ஞானத்தின் மதிப்பு பின்னர்தான் விளங்கப்போகிறது.

19-ஆம் நூற்றாண்டு வளர வளர, பள்ளிகள் வேறு திசையில் சென்றன. 1862-இல் இங்கிலாந்து அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை தவறினால் பள்ளியின் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். "பயனுக்கேற்ற பணம்" என்று இதைச் சொல்லலாம். நம் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சியைப் பொறுத்து மானியம் வழங்கும் முறை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்தது. மிஷன் பள்ளிகள் பலவும் அந்த மானியத்தை நம்பியிருந்தன. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தடுமாறும் பிள்ளை அதுவரை ஆசிரியருக்கு வருத்தமாக இருந்தான். இனி அவன் நஷ்டமும் ஆனான். 1880-இல் இங்கிலாந்தில் பள்ளி செல்வது கட்டாயமாயிற்று. வாசிக்க இயலாத பிள்ளைகள் அதற்கு முன் வயலிலும் பட்டறையிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்தார்கள். இப்போது வகுப்பறையின் கடைசி பெஞ்சில் தெரியத் தொடங்கினார்கள். "மந்தம்", "சோம்பேறி" என்ற பெயர்கள் அவர்களுக்கு ஆயத்தமாய் இருந்தன.

749-ஐ 867-ஆல் பெருக்கிய சிறுவன்

அந்தப் பெயர்களை முதலில் கேள்விக்குள்ளாக்கியவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள். 1877-இல் ஜெர்மனியின் குஸ்மால் என்ற மருத்துவர், நன்கு படித்திருந்த ஒருவர் மூளை பாதிக்கப்பட்டபின் பார்வையும் அறிவும் தெளிவாயிருந்தும் எழுத்தை மட்டும் வாசிக்க முடியாமற்போகும் நிலையை விவரித்து, அதற்குச் "சொற்குருடு" என்று பெயரிட்டார். ஸ்டுட்கார்ட் நகரின் கண் மருத்துவர் ருடோல்ஃப் பெர்லின், 1880-களில் "டிஸ்லெக்சியா" என்ற சொல்லை வழங்கினார். இவை பெரியவர்களைப் பற்றியவை. அப்படியானால் நோயோ காயமோ இன்றி, பிறவியிலேயே இந்நிலையோடு ஒரு பிள்ளை இருக்கக்கூடுமோ?

1896 நவம்பரில், இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூரான சீஃபோர்டில் வாழ்ந்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதன் நாயகன் பெர்சி என்ற 14 வயதுச் சிறுவன். கூர்மையானவன், விளையாட்டில் எவருக்கும் சளைக்காதவன். ஏழு ஆண்டுகள் அவனுக்கு எழுத்துக் கற்பிக்கப் பெரும்பாடு பட்டிருந்தார்கள். ஆயினும் ஓரசைச் சொற்களையே அவனால் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க முடிந்தது. தன் பெயரை எழுதும்போதே எழுத்துகளை இடம்மாற்றி "பிரெசி" என்று எழுதினான். ஆனால் எண்கள் அவனுக்கு அடங்கின. 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னார் மருத்துவர். விரைவாகவும் சரியாகவும் பெருக்கிவிட்டான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடக்குமானால் பள்ளியிலேயே இவன்தான் மிகக் கெட்டிக்காரனாய் இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

அந்த ஆசிரியருக்காக நான் தேவனைத் துதிக்கிறேன். அவரிடம் எந்தச் சோதனைக் கருவியும் இல்லை. மருத்துவச் சொல்லும் தெரியாது. பிள்ளையை உற்றுக் கவனித்தார். அவனால் இயலாததைப் பார்த்த கண்ணாலேயே அவனால் இயன்றதையும் பார்த்தார். எனக்கு வாய்க்காமற்போனது இந்தப் பார்வைதான்.

இதே காலத்தில் கிளாஸ்கோ நகரின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் இத்தகைய பிள்ளைகள் பலரை ஆராய்ந்தார். ஒரே குடும்பத்தில் நான்கு சகோதரர்கள் இந்நிலையோடு இருந்ததை 1907-இல் எழுதினார். இது குடும்ப வழியாய் வருவது என்பதற்கான தொடக்கச் சான்றுகளுள் அது ஒன்று. என்னிடம் வந்த தகப்பனும் மகளும் நினைவுக்கு வருகிறார்கள். இந்நிலையை விரைவில் இனம்காண்பது பிள்ளையைத் தேவையற்ற துன்பத்திலிருந்தும் கொடுமையிலிருந்தும் காக்கும் என்பதை ஹின்ஷல்வுட் வலியுறுத்தினார். 1917-இல் இதற்கென்றே ஒரு நூலும் வெளியிட்டார்.

மணல் திரும்பி வந்தது

காரணத்தை அறிவது வேறு, கற்பிப்பது வேறு. 1925-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், சாமுவேல் ஆர்ட்டன் என்ற மூளை நரம்பியல் மருத்துவர் ஊர்ப்புறத்தில் ஒரு நடமாடும் மருத்துவ முகாம் நடத்தி, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை அனுப்பும்படி ஆசிரியர்களைக் கேட்டார். வந்தவர்களுள் 16 வயது இளைஞன் ஒருவன் அறிவில் எக்குறையுமின்றி, வாசிப்பில் மட்டும் முதல் வகுப்பைத் தாண்டாதவனாய் இருந்தான். ஆர்ட்டன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய பிள்ளைகளுக்கு ஒதுக்கினார். மூளையின் இரு பாதிகளைப் பற்றி அவர் கூறிய விளக்கம் பின்னாளில் நிலைக்கவில்லை. ஆனால் அவரோடு உழைத்த அன்னா கில்லிங்ஹம், பெசி ஸ்டில்மன் என்ற இரு ஆசிரியைகள் 1930-களில் வகுத்த கற்பிக்கும் முறை நிலைத்தது. எழுத்தைப் பார், அதன் ஒலியைச் சொல், சொல்லிக்கொண்டே கையால் வரை. ஒன்று உறுதிப்பட்ட பின்பே அடுத்ததற்குச் செல். சிறு படிகள், திரும்பத் திரும்ப, அவசரமின்றி.

அதற்கும் முன்பே ரோம் நகரில் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவர், "பயிற்றுவிக்க இயலாதவர்கள்" என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு உழைத்திருந்தார். எழுத்து வடிவங்களைத் தொட்டுத் தடவிக் கற்கச் செய்தார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளுக்கு இணையாக வாசிப்பிலும் எழுத்திலும் தேறினார்கள். உலகம் அவரைப் புகழ்ந்தபோது அவர் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்தது: இவர்களே இவ்வளவு கற்க முடியுமானால், மற்றப் பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு முடக்கிவைத்திருக்கின்றன? 1907-இல் அவர் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தில், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்றனர். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார்; போர்க்காலத்தில் சில காலம் கொடைக்கானலில் தங்கினார்; நம் நாட்டு ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார். சொரசொரப்பான அந்த எழுத்துகளை இங்குள்ள ஆசிரியர்கள் தொட்டபோது, தங்கள் பாட்டனார் மணலில் எழுதிய விரல் நினைவுக்கு வந்திருக்கக்கூடும். 150 ஆண்டுகளுக்கு முன் எழும்பூரிலிருந்து போன ஒன்று, சுற்றிவந்து அடையாற்றில் நின்றது.

இன்று ஆராய்ச்சி தெளிவாகச் சொல்வது இது. பெரும்பாலான பிள்ளைகளிடம் தடுமாற்றம் கண்ணில் இல்லை. பேச்சொலிகளைப் பிரித்தறிந்து அவற்றை எழுத்தோடு இணைப்பதில் இருக்கிறது. அது அறிவின் குறைவல்ல, சோம்பலும் அல்ல, வளர்ப்பின் தவறும் அல்ல. கற்பிக்கும் வழி மாறினால் பிள்ளை கற்கிறது. மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவே.

நம் எழுத்தும் நம் இரக்கமும்

தமிழ் எழுத்து எளிது, எழுதுவதுபோலவே வாசிக்கலாம் என்று நாம் பெருமைப்படுவதுண்டு. தடுமாறும் பிள்ளையின் இடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். 247 எழுத்துகள். ர, ற, ல, ள, ழ, ந, ன, ண என்று காதுக்கு நெருங்கிய ஒலிகள். "கொ" என்பதில் மெய்யொலி முதலில் வருகிறது, ஆனால் கண் முதலில் காண்பது இடப்பக்கத்துக் கொம்பை, பின்பு க, பின்பு கால். செவி ஒரு வரிசையைச் சொல்ல, கண் வேறொரு வரிசையைச் சொல்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் தெரியவில்லை; அந்தப் பிள்ளைக்கு அது ஒவ்வொரு வரியிலும் ஒரு மேடு.

மேட்டைச் சமன்செய்வது எழுத்துக்குச் செய்யும் துரோகம் என்று எண்ண வேண்டாம். பழைய ஓலைகளில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் வேறுபாடு காட்டிய புள்ளி பெரும்பாலும் இடப்படாமற்போனது, வாசிப்போர் தடுமாறினர். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்தத் தடையை நீக்கியதாகச் சொல்லப்படுகிறது. 1978-இல், பெரியார் பல்லாண்டுகள் வற்புறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. தும்பிக்கை வைத்த "லை"யும் "னை"யும் மாறின. பிள்ளைகள் தனியே மனத்தில் இருத்தவேண்டிய சில வடிவங்கள் குறைந்தன. நம் மூத்தவர்களின் பழைய வேதாகமங்களில் அந்தத் தும்பிக்கைகளை இன்றும் காணலாம். அவை போனதால் வேதத்தின் சத்தியம் குறைந்துபோகவில்லை. வாசிப்பவருக்காக எழுத்தே வளைந்துகொடுத்திருக்கிறது. நம் வழக்கங்கள் வளையக்கூடாதா?

மோசேயை நினைத்துப் பாருங்கள். தான் வாக்குவல்லவன் அல்ல, திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று அவர் தேவனிடம் முறையிட்டார். தேவன் அவருடைய நாவை அந்த இடத்திலேயே மாற்றிவிட்டு அனுப்பியதாக வேதத்தில் இல்லை. உன் குறை நீங்கிய பின் வா என்று தள்ளிவைக்கவுமில்லை. பேசத் தெரிந்த ஆரோனை அவருக்குத் துணையாகக் கொடுத்தார். அழைப்பு மோசேயினுடையதாகவே இருந்தது. வாய் மட்டும் ஆரோனுடையது. இன்று தேர்வறையில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை சொல்லச் சொல்ல எழுதிக்கொடுப்பவரைக் காணும்போது, சிலர் "இது நியாயமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் ஆரோனைக் காட்டுகிறேன்.

யார் செய்த பாவம்?

வாசிப்புக் குறைபாடு ஒரு வகை மட்டுமே. ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளைகள், பேச்சும் பழக்கமும் வேறுபட்ட ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் என்று நம் நடுவில் பலர் உண்டு. மனித முகங்களைப்போல மனித மூளைகளும் பலவிதம் என்ற புரிதலைக் குறிக்க, "நரம்பியல் பன்மை" என்ற சொல் 1990-களின் இறுதியில் வழக்குக்கு வந்தது.

இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் சுமந்த பழி பெரிது. 1943-இல் லியோ கன்னர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்தார். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், பிள்ளையிடம் பாசம் காட்டாத தாயாலேயே இது வருகிறது என்ற கருத்து மேலைநாட்டில் வேரூன்றி, எண்ணற்ற தாய்மாரை உடைத்துப்போட்டது. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலறிஞர், தாமே ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பன், 1964-இல் எழுதிய நூலில் அக்கருத்தை எதிர்த்து வாதிட்டார். அது மெல்லச் சரிந்தது. அவர்களைக் குறைசொல்லுமுன் நம்மைப் பார்ப்போம். பிறவிக் குருடனைக் கண்டபோது, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். ஆனாலும் அதே கேள்வியை நம் சபைகளில் இன்றும் கேட்கிறேன்: "அந்தக் குடும்பத்தில் என்ன குறையோ?" ஆராதனையில் சத்தமிடும் பிள்ளையை அணைத்துக்கொண்டு வெளியே போகும் தாய்க்கு, நம் திரும்பிப் பார்க்கும் கண்களே அக்கேள்வியாகின்றன.

நாட்டின் சட்டம் நம்மைவிடச் சற்று முன்னே நடந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலேயே சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் உருவாகி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. 2007-இல் வந்த "தாரே ஜமீன் பர்" திரைப்படம் இப்பெயரை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை நிலைகளை ஏற்றபோது, அவற்றுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் சேர்த்தது. முறைப்படி சான்று பெற்ற பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் எழுதித்தருபவரின் உதவியும் கிடைக்கின்றன. இதை அறியாமலே பிள்ளையை அடித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் நம் சபையிலும் இருக்கலாம். தயவுசெய்து பள்ளி ஆசிரியரிடமும் அரசு மருத்துவமனையிலும் விசாரியுங்கள். தயக்கமிருந்தால் என்னிடம் வாருங்கள், உங்களோடு நான் வருகிறேன்.

நம் சபையில் இனி

ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களோடு கலந்து சில காரியங்களைத் தீர்மானித்திருக்கிறோம். முன்னறிவிப்பின்றி எந்தப் பிள்ளையையும் எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை. வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு அந்தப் பகுதியைச் சில நாள் முன்பே கொடுத்துவிடுவோம். பாடத்தை முதலில் ஆசிரியர் உரக்க வாசிப்பார். பிள்ளைகள் கேட்டுச் சொல்வார்கள், வரைவார்கள், நடித்துக்காட்டுவார்கள். திடப்படுத்தல் வகுப்பிலும் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக வாய்மொழியாய்ப் பதில் சொல்ல இடமுண்டு. சிறு பிள்ளைகளின் வகுப்பில் ஒரு மரத்தட்டு நிறைய மணல் வைக்கப்போகிறோம். ஆராதனையில் அமைதியாய் இருக்க இயலாத பிள்ளைகளின் பெற்றோர் வெளியே போக வேண்டாம். சத்தம் கேட்டால் நான் சற்று நிறுத்தி, பின்பு தொடருவேன். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே: திரும்பிப் பார்க்காதிருங்கள்.

அந்தத் தகப்பனை அவருடைய வீட்டில் சென்று கண்டேன். 25 ஆண்டு தாமதமாக மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அன்னைக்கு என்ன வசனம்னு எனக்கு இப்பவும் தெரியும் ஐயா. வீட்டுக்குப் போய் எங்கம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, அந்த வசனத்தை ஓரெழுத்தும் பிசகாமல் ஒப்பித்தார். அதன்பின் பாடசாலைப் பக்கமே வராத அந்தச் சிறுவன், வசனத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தான்.

ஜெபம்

அன்பின் பரம பிதாவே, சிறுபிள்ளைகளை உம் நடுவே நிறுத்தினவரே, நாங்கள் நடுவே நிறுத்தி வெட்கப்படுத்திய பிள்ளைகளுக்காக எங்களை மன்னியும். அவர்களைத் தேடிப்போகிற கால்களையும், அவர்கள் வழியில் கற்பிக்கிற பொறுமையையும் எங்களுக்குத் தாரும். சோர்ந்த பெற்றோரைத் தாங்கும். ஆண்டவராகிய இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.